மொய் நோட்டில் இல்லாத பெயர்கள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மாறிவரும் சமூகத்தில் பண்பாடும், வாழ்க்கை நெருக்கடியும், மனிதர் நடந்துகொள்ளும் விதமும் பற்றிப் பேசச் சொன்னார்கள். பரந்த பொருள். முழுவதையும் பேச முற்பட்டால் எல்லாவற்றையும் தொட்டுவிட்டு ஒன்றையும் சொல்லாமல் இறங்கிவிடுவேன். ஆகவே ஒரே ஒரு வழக்கத்தை எடுத்துக்கொள்கிறேன். இந்த அரங்கில் அநேகமாக எல்லார் வீட்டுப் பெட்டியிலும் பீரோவிலும் அதற்கான நோட்டு இருக்கும். மொய்யைத்தான் சொல்கிறேன். குறிப்பாக, புதுக்கோட்டை மாவட்டத்தின் வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம் பகுதிகளிலும், அதை ஒட்டிய தஞ்சை மாவட்டத்தின் பேராவூரணி வட்டாரத்திலும் ஆடி மாதத்தில் நடக்கிற மொய் விருந்து.

ஆடி பிறந்தால் நாளிதழ்களில் இந்தச் செய்தி தவறாமல் வந்துவிடும். கிலோ கணக்கில் ஆட்டுக்கறி, பணம் எண்ணும் இயந்திரம், பாதுகாப்புக்கு ஆட்கள், கோடியைத் தாண்டிய வசூல். படித்தவர்கள் அதைப் பார்த்து வியப்பார்கள், அல்லது வீண் ஆடம்பரம் என்று முகம் சுளிப்பார்கள். இரண்டுமே அந்த மக்களுக்குச் செய்யும் அநீதி என்பது என் எண்ணம். வங்கி வாசலில் நிற்க வைத்துத் திருப்பி அனுப்பப்பட்ட ஒரு விவசாயக் கூட்டம், தனக்குத் தானே கட்டிக்கொண்ட கடன் ஏற்பாடு அது. அது எப்படி வேலை செய்கிறது, எங்கே பிசகுகிறது, பிசகும்போது யார் முதலில் விழுகிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். இன்று பேச எடுத்துக்கொண்டது அந்த மூன்றாவது கேள்விக்காகத்தான்.

மொய் மேசையை எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். ஆனாலும் ஒரு முறை பக்கத்தில் போய்ப் பார்ப்போம். மண்டப வாசலுக்குள் நுழைந்ததும் இரண்டு நாற்காலி, ஒரு மேசை. நீளவாக்கில் தைத்த கணக்கு நோட்டு. முதல் பக்கத்து மூலைகளில் மஞ்சள், உச்சியில் பிள்ளையார் சுழி, அதன் கீழ் விசேஷத்தின் பெயரும் நாளும். ஒருவர் பணத்தை வாங்கி எண்ணிச் சொல்லி எவர்சில்வர் குடத்தில் போடுவார், மற்றவர் எழுதுவார். எழுதுகிறவர் கையெழுத்து நன்றாக உள்ளவராக, ஊர் உறவு முறைகள் தெரிந்தவராக இருக்க வேண்டும். முதலில் ஊர்ப் பெயர், பிறகு தகப்பன் பெயரின் முதலெழுத்து, பெயர், ஒரே பெயரில் நாலு பேர் இருந்தால் வீட்டு அடையாளம், கடைசியில் தொகை. 101, 501, 1001. தொகையின் கடைசியில் பூஜ்யம் வரக் கூடாது என்பதற்காக அந்த ஒரு ரூபாய்.

பத்திரிகை வைத்துவிட்டுப் போனதும் அந்த வீட்டில் நடப்பது உங்களுக்குத் தெரியும். "அந்த நோட்ட எடுத்துப் பாரு, அவுக நமக்கு என்ன செஞ்சிருக்காக?" பழைய நோட்டைப் புரட்டி, வந்த தொகையைக் கண்டுபிடித்து, அதன் மேல் கொஞ்சம் கூட்டி, எழுத வேண்டிய தொகையை முடிவு செய்வார்கள். மதுரைப் பக்கம் இதைச் செய்முறை என்பார்கள், நெல்லை, குமரிப் பக்கம் சுருள் என்பார்கள். பெயர் வேறானாலும் கணக்கு ஒன்றே.

இந்தக் கணக்கில் உள்ள அறிவை நாம் போதிய அளவு மதித்ததில்லை. ஒருவர் தம் மகள் கல்யாணத்தில் 500 பேரிடம் மொய் வாங்குகிறார் என்றால், அவர் 500 சிறு கடன்களை வாங்குகிறார். வட்டி கிடையாது. பத்திரம் கிடையாது. ஒரே ஆள் வந்து கழுத்தைப் பிடிக்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் கடன் திரும்ப வேண்டிய நாளை வாங்கியவரும் குறிப்பதில்லை, கொடுத்தவரும் குறிப்பதில்லை. கொடுத்தவர் வீட்டில் ஒரு சடங்கு, ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து, ஒரு சாவு வருகிறபோது அது திரும்புகிறது. பணம் தேவைப்படுகிற வீட்டைத் தேடிப் பணம் போகிறது. ஊரில் எல்லார் வீட்டிலும் ஒரே நாளில் கல்யாணமும் சாவும் வருவதில்லை. இன்றைக்கு இவர் வீடு, அடுத்த வைகாசியில் அவர் வீடு. ஆகவே ஒருவர் சுமையை ஊரே பிரித்துத் தூக்க முடிகிறது. காப்பீட்டு நிறுவனங்கள் கணித வல்லுநர்களை வைத்துச் செய்கிற காரியத்தை ஓர் ஊர் நோட்டும் பேனாவும் வைத்துச் செய்தது.

கொடுப்பது, கொடுத்ததை ஏற்பது, ஏற்றதைத் திருப்பித் தருவது ஆகிய மூன்று கடமைகளால் பல சமூகங்கள் கட்டப்பட்டிருக்கின்றன என்று பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925-இல் எழுதினார். அவர் பசிபிக் தீவுகளையும் வட அமெரிக்கக் கடற்கரையையும் பற்றிய நூல்களைப் படித்து எழுதியது கீரமங்கலத்துக்கு அப்படியே பொருந்துகிறது. நம் சமூகவியல் வகுப்புகளில் மோஸைப் படிக்கும் மாணவர் தம் வீட்டு மொய் நோட்டைப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

இனி மொய் விருந்துக்கு வருவோம். விசேஷ மொய்யும் மொய் விருந்தும் ஒன்றுபோலத் தோன்றும். உள்ளே பெரிய வேறுபாடு இருக்கிறது.

மொய் விருந்தின் பழைய உருவத்தைத் திரைப்படம் பார்க்கிறவர்கள் அறிவார்கள். 1992-இல் வந்த 'சின்ன கவுண்டர்' படத்தில் கதாநாயகி கடனை அடைப்பதற்காக விருந்து வைப்பாள். சாப்பிட்டு எழுகிறவர்கள் இலைக்கடியில் தங்களால் ஆனதை வைத்துவிட்டுப் போவார்கள். நொடித்துப்போன ஒரு வீட்டை ஊர் சேர்ந்து தூக்கி நிறுத்துகிற வழி அது. கல்யாணம் செய்யப் பிள்ளை இல்லாதவர்களுக்கும் விசேஷம் வைக்க வழியில்லாதவர்களுக்கும் இத்தனை காலம் ஊருக்குச் செய்ததைத் திரும்பப் பெற வேறு வாசல் இல்லை. விருந்து அவர்களுக்கு அந்த வாசலைத் திறந்தது.

புதுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் இது வேறு வடிவம் எடுத்தது. ஆடியில் கல்யாணம் இல்லை, மண்டபங்கள் காலியாக இருக்கும். பலர் கூட்டுச் சேர்ந்து ஒரே மண்டபத்தில், ஒரே பந்தியில் விருந்து வைக்கிறார்கள். கறிச் செலவு, பந்தல் செலவு பங்கு. ஆளுக்கொரு மேசை, ஆளுக்கொரு குடம், தலைக்கு மேல் பெயர் எழுதிய பதாகை. வருகிறவர் யார் யாருக்குச் செய்ய வேண்டுமோ அந்தந்த மேசையில் எழுதிவிட்டு உட்கார்ந்து சாப்பிடுவார். எழுதிய தொகையை மைக்கில் வாசிப்பதும் உண்டு. ஒரு முறை வைத்தவர் பொதுவாக ஐந்து ஆண்டுகள் கழித்துத்தான் மறுபடி வைப்பார். வாங்கியவர் திருப்பும்போது கூட்டிச் செய்ய வேண்டும். கூட்டிய பகுதி புதுக் கடனாக ஏறும். இனி வேண்டாம் என்று நினைப்பவர் வந்த தொகையை மட்டும் சரியாகத் திருப்பிவிட்டுக் கணக்கை முடித்துக்கொள்ளலாம். வாங்கிய பணத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டவர்கள் உண்டு. நிலம் வாங்கியவர்கள், பிள்ளையைப் பொறியியல் படிக்க வைத்தவர்கள், மகனைச் சிங்கப்பூருக்கு அனுப்பியவர்கள் உண்டு. இந்த வட்டாரத்தின் தென்னந்தோப்புகளுக்கும் பூந்தோட்டங்களுக்கும் பின்னால் மொய்ப் பணம் இருக்கிறது. இதை அழுத்திச் சொல்கிறேன். ஏனென்றால் அடுத்து நான் சொல்லப்போவதைக் கேட்டு, இந்த வழக்கத்தையே நான் பழிக்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

விசேஷ மொய்யில் நாளைக் குறித்தது வாழ்க்கை. மொய் விருந்தில் நாளைக் குறிப்பது வைக்கிறவர். எல்லோரும் ஆடியையே குறிக்கிறார்கள், தப்பினால் ஆவணி. ஆகவே முன்பு ஆண்டு முழுவதும் பரவிக் கிடந்த கடன் ஒரே மாதத்தில் வந்து குவிகிறது. ஒரு வீட்டுக்கு ஆடியில் இருபது, முப்பது விருந்து அழைப்பு வருவது அங்கே புதிதில்லை. செய்ய வேண்டிய தொகையைக் கூட்டிப் பார்த்துவிட்டு நகையை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்குப் போகிறார்கள். வட்டியில்லாத கடனைத் திருப்ப வட்டிக்குக் கடன் வாங்குகிறார்கள். அந்த இடத்திலேயே ஏற்பாடு தன் இயல்பை இழந்துவிடுகிறது.

இன்னொன்றும் நடக்கிறது. கல்யாணமும் சாவும் வெவ்வேறு வீடுகளுக்கு வெவ்வேறு நாளில் வருகின்றன. புயல் அப்படி வருவதில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்து உள்ளே வந்தது. பேராவூரணி, பட்டுக்கோட்டை, ஒரத்தநாட்டுத் தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்தன. கீரமங்கலம், வடகாட்டுப் பக்கம் பலா மரங்களும் வாழையும் போயின. அந்த ஆண்டு ஆடியில் விருந்து வைத்து மொய் வாங்கியவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். பணம் வாங்கி நாலு மாதம்கூட ஆகவில்லை. அடுத்த ஐந்து ஆண்டுகளில் அதைத் திருப்ப வேண்டும். திருப்பத் தோப்பைத்தான் நம்பியிருந்தார்கள். நெட்டை ரகத் தென்னங்கன்றை அன்றே நட்டாலும் காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டாகும். மொய்யின் கெடு ஐந்து ஆண்டு. கொடுத்தவருக்கும் தோப்பு போயிற்று, வாங்கியவருக்கும் தோப்பு போயிற்று. யார் யாரைத் தாங்குவது? ஒரே மண்ணில், ஒரே பயிரை நம்பி வாழ்கிறவர்கள் தங்களுக்குள் மட்டும் செய்துகொள்ளும் காப்பு, எல்லாருக்கும் ஒன்றாக அடி விழுகிறபோது நிற்காது. அதற்கு வெளியிலிருந்து தூண் வேண்டும். அரசு நிவாரணமும் பயிர்க் காப்பீடும் அந்தத் தூணாக இருந்திருக்க வேண்டும். போதிய வலுவுடன் இருந்தன என்று அந்தத் தோப்புக்காரர்களிடம் போய் நான் சொல்ல மாட்டேன். தோப்புகள் தேறுவதற்குள் கொரோனா ஊரடங்கும் வந்து மண்டபங்களைப் பூட்டியது.

அதற்குப் பிந்திய ஓர் ஆடியில் நண்பர் ஒருவரின் விருந்தில் என்னை எழுதும் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பந்தி முடிகிற நேரம். கூட்டம் குறைந்துவிட்டது. அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு 100 ரூபாய்த் தாள்களை எடுத்து மேசையில் வைத்தார். ஊரும் பெயரும் சொன்னார். பக்கத்தில் பழைய நோட்டு விரித்து வைக்கப்பட்டிருந்தது, பார்த்தேன். அவர் வீட்டுக்கு இந்த வீடு செய்திருந்தது 2,000. நான் தலை நிமிர்வதற்குள் அவரே சொன்னார்: "தோப்பு போனதுலேருந்து இப்படித்தான் தம்பி. எளுதிக்கங்க. மைக்குல மட்டும் சொல்லாதீங்க." எழுதினேன். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று இரண்டு முறை சொன்னேன். "வீட்டுல ஆக்கி வச்சிட்டு வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பந்திப் பக்கம் திரும்பாமல் போய்விட்டார். கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் சாப்பிடுவது அவருக்குத் தகாது. பட்டினி கிடந்தாலும் தகாது.

அந்த அம்மாளாவது வந்தார். வராதவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. நோட்டில் வந்தவர் பெயர் இருக்கும். வராதவர் பெயர் இருக்காது.

இப்படி வராமல் போவது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. ஆஸ்திரியாவில், வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியன்தால் என்று ஒரு சிற்றூர். ஊரே ஒரு நெசவாலையை நம்பி இருந்தது. 1929-30-இல் ஆலை மூடப்பட்டது. அதற்குப் பின் அந்த ஊரில் மேரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசல் ஆகியோர் ஆய்வு செய்து 1933-இல் நூலாக வெளியிட்டார்கள். வேலையிழந்தவர்களுக்கு நேரம் நிறையக் கிடைத்திருக்கிறது, நூலகத்துக்கு நிறையப் போவார்கள் என்றுதானே நாம் நினைப்போம்? நூலகக் கட்டணத்தை நீக்கிய பிறகும் புத்தகம் எடுப்பது பாதியாகக் குறைந்தது. மன்றங்களில் ஆள் குறைந்தது. தெருவில் ஆண்கள் நடக்கும் வேகம்கூடக் குறைந்ததை அளந்து எழுதியிருக்கிறார்கள். கஷ்டம் வந்தால் மக்கள் கொதித்து எழுவார்கள் என்று நம்பியவர்களுக்கு அந்த ஊர் வேறொரு பாடத்தைச் சொன்னது. கஷ்டம் வந்தவர்கள் ஒதுங்கினார்கள்.

நம் ஊரிலும் அதுதான் நடக்கிறது. ஒரு குடும்பம் நொடிக்கும்போது உலையில் அரிசி குறைவதற்கு முன்பே அவர்கள் விசேஷங்களுக்கு வருவது குறைந்துவிடும். முதலில் குடும்பத்தோடு வந்தவர்கள் ஒருவராக வருவார்கள். பிறகு கவரை யாரிடமாவது கொடுத்தனுப்புவார்கள். பிறகு "உடம்புக்கு முடியலை" என்ற சேதி வரும். அதன் பிறகு சேதியும் வராது. இந்தப் பக்கம் என்ன சொல்வார்கள்? "மதிக்கலை பாரு." வராமைக்கு ஊர் காட்டும் காரணம் திமிர், உண்மையான காரணம் பெரும்பாலும் வெட்கம். பொது இடத்துக்கு வர ஒருவருக்கு நல்ல சட்டையாவது வேண்டும், அது இல்லாததே வறுமை என்று ஆதாம் ஸ்மித் 1776-இலேயே எழுதினார். நம் பகுதியில் அந்தச் சட்டையின் இடத்தில் மொய் இருக்கிறது.

வழக்கம் ஏன் இப்படி ஊதிப் பெருத்தது? பணம் வந்துவிட்டது, ஆடம்பரம் கூடிவிட்டது என்று சொல்லி முடித்துக்கொள்ளலாம். அது போதாது. கனடாவின் மேற்குக் கடற்கரைப் பழங்குடி மக்களிடம் போட்லாட்ச் என்றொரு கொடை விழா உண்டு. தலைவர்கள் கம்பளிப் போர்வைகளையும் பொருள்களையும் வாரி வழங்குவார்கள். வாங்கியவர் பின்னொரு நாள் கூடுதலாகத் திருப்ப வேண்டும். வெள்ளையர் வணிகம் போர்வைகளைக் கொண்டுவந்து குவித்தது. அதே காலத்தில் 1862-இல் பரவிய பெரியம்மை உள்ளிட்ட நோய்கள் அந்த மக்களைக் கொன்று குவித்தன. சரக்கு பெருகியது, மனிதர்கள் குறைந்தார்கள். பதவிக்கும் பெயருக்குமான போட்டியில் விழா முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு வீங்கியது. கனடா அரசு வீக்கத்தை மட்டும் பார்த்தது. விரயம் என்று சொல்லி 1884-இல் சட்டம் போட்டுத் தடுத்தது. 1921-இல் விழா நடத்தியவர்களைக் கைது செய்து முகமூடிகளையும் செப்புத் தகடுகளையும் பறித்துக்கொண்டது. 1951 வரை அந்தத் தடை நீடித்தது. நோயை விட்டுவிட்டு நோயாளியைத் தண்டித்த கதை அது.

நம் வட்டாரத்திலும் வெளிநாட்டுச் சம்பளம், தென்னை வருமானம், நிலத்தின் விலையேற்றம் எல்லாம் சில வீடுகளுக்கு வந்தன, பல வீடுகளுக்கு வரவில்லை. ஏறத்தாழச் சமமாக இருந்தவர்களுக்காக உண்டான ஏற்பாடு அது. 100 ரூபாய் வாங்கியவர் 150 திருப்ப முடியும். 10,000 எழுதிவிட்டுப் போகிறவருக்கு 15,000 திருப்ப எல்லாராலும் முடியாது. பெரிய மொய் எழுதுகிறவர் உதவுகிறாரா, அடக்குகிறாரா என்பது சில இடங்களில் பிரித்தறிய முடியாததாகிவிட்டது. மறுபுறம், ஆள் ஊரில் இல்லை. திருப்பூரிலும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார். பத்திரிகையிலேயே கியூஆர் கட்டம் அச்சாகிறது. கைப்பேசியில் பணம் வந்து சேர்கிறது. வந்து, உட்கார்ந்து, சாப்பிட்டு, ஊர்க் கதை பேசிவிட்டுப் போவது மட்டும் இல்லாமற்போகிறது. உறவு மெலிந்த இடத்தைத் தொகை நிரப்புகிறது. மொய் பெருத்தது அந்த மெலிவின் அடையாளம் என்றே நான் கருதுகிறேன்.

கணினி மொய்யைப் பற்றி ஒரு வார்த்தை. மதுரை, தேனிப் பக்கம் பரவி எங்கும் வந்துவிட்டது. பெயரைச் சொன்னால் தட்டச்சு செய்து ரசீது கொடுத்துவிடுகிறார்கள். ஊர் வாரியாக, பெயர் வாரியாகப் பட்டியல் கிடைக்கிறது. பிழை குறையும், உண்மைதான். ஆனால் பழைய நோட்டில் கொஞ்சம் இரக்கம் இருந்தது. கரையான் அரித்த பக்கம், மழையில் நனைந்து கலைந்த மை, "அவுக செஞ்சாகளா இல்லையான்னு தெரியலையே, போகட்டும்" என்று விட்டுவிடும் பெருந்தன்மை. ஒரு பொத்தானை அழுத்தினால் பாக்கிக்காரர் பெயர் வரிசையாக வந்து நிற்கும் ஏற்பாட்டில் மறதிக்கு இடமில்லை.

சாதியைப் பேசாமல் மொய்யைப் பேசுவது நேர்மையாகாது. இந்த நோட்டுகள் பெரும்பாலும் ஒரு சாதிக்குள் சுற்றுகிற நோட்டுகள். துணி வெளுத்தவருக்கும் முடி திருத்தியவருக்கும் பறை அடித்தவருக்கும் விசேஷ வீட்டில் கொடுத்தார்கள், அவர்களிடமிருந்து வாங்கவில்லை. வாங்கிக்கொள்ள மறுப்பதும் ஒருவரைக் கீழே வைக்கும் வழிதான். இன்று வாங்குகிறார்கள். உடன் வேலை பார்க்கும் தலித் நண்பர் எழுதும் மொய் மேசையில் ஏறுகிறது. அவர் வீட்டு விசேஷத்துக்குத் திருப்பிச் செய்யப் போகிறவர்களில் அங்கே கை நனைத்துவிட்டு வருகிறவர் எத்தனை பேர்? 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தது இதே புதுக்கோட்டை மாவட்டத்தில்தான். கோடி ரூபாயை நம்பி ஒருவருக்கொருவர் கொடுக்கத் தெரிந்த ஊர்களின் பக்கத்திலேயே அதுவும் நடந்தது. நம்பிக்கை எங்கே போய் நிற்கிறது என்பதை மொய் நோட்டு காட்டிக்கொடுக்கும்.

பெண்கள் நிலையும் இதில் சேர்த்தி. நோட்டில் இருப்பது ஆண் பெயர். சேர்த்து வைத்துக் கொடுத்தனுப்பியது பெண். கணவர் இறந்த பிறகு திருப்ப வேண்டிய மொய் மகன் தலையில் ஏறும். வர வேண்டிய மொய்யோ வீட்டில் விசேஷம் நடந்தால்தான் வரும். பிள்ளை இல்லாத கைம்பெண் எந்த விசேஷத்தை வைப்பார்? மொய் விருந்து வைக்கவும் வழியில்லையென்றால், இருபது ஆண்டுகள் ஊருக்குச் செய்தது ஊரிலேயே நின்றுவிடும். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை வந்த பிறகு, தங்கள் பேரிலேயே 100, 200 எழுதச் சொல்லும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். சிறிய தொகை. எனக்கு அது மிகப் பெரிய மாற்றமாகப் படுகிறது.

சட்டத்தில் இந்த வழக்கத்துக்கென்று தெளிவான இடமில்லை. திருமணப் பரிசுக்கு வருமான வரி விலக்கு உண்டு. உறவினர் அல்லாதாரிடம் ஓராண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் வரி. மொய் விருந்தில் வருவது பரிசா, கடனா? வாங்கியவரைக் கேட்டால் கடன் என்பார். கடன் என்றால் பத்திரம் எங்கே?

சட்டமும் வங்கியும் எட்டாத அந்த இடத்துக்குள்தான் கந்துவட்டி நுழைந்தது. 2003-இல் தமிழ்நாடு அதைத் தடுத்துச் சட்டம் கொண்டுவந்தும், 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பம் குழந்தைகளோடு தீயில் கருகியதை நாடே பார்த்தது. பிறகு பெண்களைக் குழுவாகச் சேர்த்துக் கடன் தரும் நுண்கடன் நிறுவனங்கள் வந்தன. ஒருத்தி கட்டாவிட்டால் குழுவே கட்ட வேண்டும் என்ற விதி அவர்களுடையது. ஊரின் வெட்கத்தைப் பிணையாக வைத்துக்கொள்ள மொய்யிடமிருந்தே கற்றதுபோல இருக்கிறது அது. ஆனால் மொய்யில் கொடுத்தவர் உங்கள் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார். உங்கள் வீட்டில் சாவு விழுந்தால் வந்து நிற்பார். வாரம்தோறும் வாசலில் வந்து உட்காரும் வசூல் ஊழியர் அப்படி வருவதில்லை. ஆந்திரம் 2010-இல் இத்தகைய வசூலுக்கு எதிராக அவசரச் சட்டம் போட வேண்டி வந்தது. கடன் வசூலில் அடாவடியைத் தடுக்கத் தமிழ்நாடு சட்டமன்றமும் 2025-இல் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. சட்டம் வேண்டியதுதான். அதோடு, குறைந்த வட்டியில், அவமானப்படுத்தாமல் கடன் தரும் கூட்டுறவுச் சங்கம் ஊருக்குள் உயிரோடு இருந்தால் ஆடி மாதத்தில் அடகுக் கடைக் கூட்டம் பாதியாகும்.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மொய் விருந்தை ஒழிக்க வேண்டும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒழித்தால் அந்த இடத்துக்கு வருவது கந்துவட்டி. அப்படியே போற்றிப் பாதுகாக்க வேண்டும் என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் பந்தியில் உட்கார்ந்திருப்பவர்களை மட்டும் பார்க்கிறார்கள். கூட்டிச் செய்ய வேண்டும் என்ற கட்டாயத்துக்கு ஊர்க் கூட்டம் கூடி ஓர் உச்சவரம்பு வைக்கலாம். மைக்கில் தொகை வாசிப்பதை நிறுத்தலாம். புயலோ வறட்சியோ வந்த ஆண்டில் எல்லாக் கணக்கையும் இரண்டு ஆண்டு தள்ளி வைக்கலாம். இவற்றை அரசாணை செய்ய முடியாது. ஊர் செய்ய முடியும். நோட்டைத் தைத்ததே ஊர்தான்.

மாணவர்களுக்கு இரண்டு வேண்டுகோள்கள். உங்கள் வீட்டிலும் தாத்தா வீட்டிலும் இருக்கும் பழைய மொய் நோட்டுகளைத் தூக்கிப் போட விடாதீர்கள். விலைவாசி, இடப்பெயர்வு, உறவு முறை, சாதி எல்லைகள், நல்ல மழை பெய்த ஆண்டு, பொய்த்த ஆண்டு எல்லாம் அவற்றில் இருக்கின்றன. வீட்டாரின் ஒப்புதலோடு படி எடுத்து, தனி மனிதர் பெயர்களை மறைத்து, உங்கள் துறையிலேயே ஒரு காப்பகமாகச் சேர்த்து வையுங்கள். இந்த அறக்கட்டளை அதற்குத் துணை நிற்கும் என்று நம்புகிறேன்.

இரண்டாவது வேண்டுகோள் எல்லோருக்கும். அடுத்த விசேஷம் முடிந்து நோட்டைக் கூட்டிக் கணக்குப் பார்க்கும் இரவில், முந்தைய நோட்டையும் பக்கத்தில் விரித்து வையுங்கள். அதில் இருந்து இதில் இல்லாத பெயர்களைத் தனியே ஒரு தாளில் எழுதுங்கள். மறு வாரத்தில் அந்த வீடுகளுக்குப் போய் வாருங்கள். மொய்யைப் பற்றிப் பேச வேண்டாம். பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா, வைத்தியச் செலவு ஏதும் வந்ததா, குழுக் கடன் எவ்வளவு நிற்கிறது என்று விசாரியுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லையென்றால் எடுத்துக் கொடுங்கள், உதவித்தொகை விண்ணப்பத்தை எழுதிக் கொடுங்கள். இந்த ஆடியிலேயே தொடங்கலாம்.